நாற்றப் புத்தகம்

"மணக்குதுங்களா?" என்று கேட்டான் கொழும்பிலிருந்து வந்த கேஸ் கம்பெனி மெக்கானிக் அலோசியஸ்.

டீமேக்கர் யேசுரட்ணம் செப்புக் குழாயின் வாயில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார். குழாயின் குளிர்ச்சிதான் மூக்கு நுனியில் பட்டது.

"ஒன்னும்..." என்று அவர் வாயெடுப்பதற்குள், பின்னால் நின்ற பெரிய தொரை இரண்டடி தள்ளிப் போய், "ஐயோ, நாத்தம்! அழுகின முட்டை நாத்தம்!" என்று முகத்தைச் சுளித்தார்.

பெரிய கிளாக்கர் சிவசாமி சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "தாங்க முடியல சேர். கொடலப் பெரட்டுது."

சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்த சோலைமலை சும்மா இருப்பானா? "எனக்கு வாந்தியே வருதுங்க தொரை," என்று சுவரோரம் போய்க் குந்திவிட்டான். கொஞ்ச நேரம் உட்கார்ந்து களைப்பாற அவனுக்கு அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

மெக்கானிக்குக்கு மட்டும் சொந்தமாக ஒரு கருத்தும் இல்லை. கொழும்பு வெயிலில் இருந்தவன், ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கிய நிமிஷத்திலேயே மலைக்குளிர் பிடித்து, இரண்டு மூக்கும் அடைத்து, கண்ணில் நீர் வடிய நின்றான். "எனக்குத் தடுமன் சார். நீங்கதான் சொல்லணும்," என்றான்.

இப்போது எல்லாருடைய கண்ணும் யேசுரட்ணத்தின் மேல்.

"டீமேக்கர், நீ சொல்லு," என்றார் தொரை.

"மணக்குது சேர். நல்லா... நல்லாவே மணக்குது."

அந்த ஒரு சொல்லோடு சனியன் வந்து அவர் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஊசிக்கல் தோட்டத்து டீமேக்கர் யேசுரட்ணத்தின் மூக்கைப் பற்றி டிக்கோயா பக்கம் தெரியாதவர்கள் கிடையாது. அரைத்த கொழுந்தை மேசையில் பரப்பிப் புளிக்க வைத்திருக்கும்போது, அவர் குனிந்து ஒரு தரம் மோந்து பார்த்து "அடுப்புக்கு ஏத்து" என்பார். ஒரு நிமிஷம் முந்தினால் பச்சை வாடை, ஒரு நிமிஷம் பிந்தினால் பழைய சோறு. இருபத்திரண்டு வருஷமாக அவர் பிந்தியதும் இல்லை, முந்தியதும் இல்லை. தொரைமார் மாறினார்கள், நாடே கைமாறியது, மூக்கு மாறவில்லை.

அந்த மூக்குதான் அவருக்குச் சம்பளம். தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த மூன்று அறை வீடும் அந்த மூக்குக்குக் கொடுத்த வீடுதான். மூக்கில்லாத டீமேக்கரை யார் வைத்திருப்பார்கள்? மாடு மேய்க்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

தேயிலைக்கு ஒரு கெட்ட பழக்கம். பக்கத்தில் என்ன வாடை இருந்தாலும் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். ஆகவே யேசுரட்ணத்தின் ஸ்டோருக்குள் வெங்காயம் கிடையாது, பீடி கிடையாது, வாசனை எண்ணெய் கிடையாது. போன தீபாவளிக்கு மறுநாள், சலிக்கும் அறையில் வேலை செய்யும் நாகலெட்சுமி தலையில் ஒரு முழம் பூவோடு வந்துவிட்டாள் என்று அவளை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அரை நாள் பேரும் சம்பளமும் போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

இப்படி வாடையே ஆகாத இடத்துக்குத்தான் தொரை நாற்றத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். சீமைக்கு லீவில் போனபோது அங்கே ஒரு தேயிலை ருசி பார்க்கும் அறையில் கேஸ் அடுப்பைக் கண்டாராம். விறகு வைத்தால் புகை, மண்ணெண்ணெய் வைத்தால் வாடை, கேஸ் என்றால் ஒன்றுமே இல்லை என்று அவருக்கு ஒரே குஷி. ஸ்டோருக்கு வெளியே ஒரு கொட்டகை, அதில் சிலிண்டர். அங்கிருந்து முப்பதடிச் செப்புக் குழாய், சலிக்கும் அறைச் சுவரோடு ஓடி, ருசி பார்க்கும் அறையில் கேத்தலுக்கு அடியில் போய் முடிந்தது.

கேஸோடு ஒரு காகிதமும் வந்தது. பதினோரு சட்டம். கிளாக்கர் சிவசாமி அதை ஆபீசில் நின்று தமிழில் சொன்னார்.

"கேஸுக்குச் சொந்தமா மணமே கெடையாதுங்க. ஒழுகினாத் தெரியாது. தெரியாம நெருப்பு பத்த வச்சா, இஸ்டோரு மேல போயிரும், நாம அதுக்கும் மேல போயிருவோம். அதனால கம்பெனிக்காரங்க வேணும்னே ஒரு நாத்தத்தக் கலந்து அனுப்புறாங்க. தெனமும் காலையில நல்ல மூக்குள்ள ஒரு ஆளு மோந்து பாத்துப் புத்தகத்துல கையெழுத்துப் போடணும். மொதல்ல சோதனைக் கொழாயத் தொறந்து பாக்கணும். அங்க நாத்தம் வரணும். அப்புறம் கொழாய் மூட்டு ஒவ்வொன்னுலயும் பாக்கணும். அங்க வரக் கூடாது."

"வந்தா?"

"ஏழாம் சட்டம். சிலிண்டர மூடிட்டு எல்லாரும் வெளிய ஓடணும்."

"சோதனைக் கொழாயில வராட்டி?"

"எட்டாம் சட்டம். சிலிண்டர மூடிட்டு எல்லாரும் வெளிய ஓடணும். நாத்தமில்லாத கேஸு அதவிட மோசம்."

யேசுரட்ணம் திருதிருவென்று விழித்தார். "அப்ப மணந்தாலும் ஓடணும், மணக்காட்டியும் ஓடணுமா?"

"மணக்க வேண்டிய எடத்துல மணக்கணும். மணக்கக் கூடாத எடத்துல மணக்கக் கூடாது. இதுல என்னங்க கொழப்பம்?" என்றார் சிவசாமி.

தொரை எழுந்து வந்து டீமேக்கரின் தோளைத் தட்டினார். தொரைக்குத் தமிழ் தெரியும், லயத்து ஆட்கள் பேசும் தமிழ். மரியாதையாகப் பேசுவதை மட்டும் யாரும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. "நல்ல மூக்கு யார்கிட்ட இருக்கு? ஒன்கிட்ட இருக்கு. இனி நீதான் நாத்தம் பாக்கிற ஆள்."

புதுக் கொப்பி ஒன்று கைக்கு வந்தது. வெளி அட்டையில் சிவசாமி அழகான எழுத்தில் 'நாற்றப் புத்தகம்' என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து யேசுரட்ணம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். போன மாதம் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தார். அதில்தான் மூக்கு போயிருக்க வேண்டும் என்று தோன்றியது. மனைவி இசபெல்லிடம் சொன்னார்.

"சும்மா இருங்க. கண்ண மூடுங்க, நான் பாக்குறேன்," என்றாள் அவள். எதிலும் பலமாக ஆரம்பிப்பதுதான் இசபெல்லின் பழக்கம். முதலில் தலைவலித் தைலத்தை எடுத்து மூக்குக்குள்ளேயே தடவிவிட்டாள்.

"தைலம்," என்றார்.

"பாத்தீங்களா? நல்லாத்தான் இருக்கு. இது?"

"தைலம்."

"சோப்புங்க! இது?"

"தைலம்தான்."

"ஐயோ, காப்பித்தூளுங்க!" இசபெல் அடுப்படிக்கு ஓடினாள். வெங்காயத்தைக் காட்டினாள், அதுவும் தைலம். புளியைக் காட்டினாள், தைலம். கணவன் மனைவி இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை, மூக்கு செத்துவிட்டது.

"காணாமப் போனதக் கண்டுபிடிச்சுத் தர்றவரு அந்தோனியாருதான். அவருக்கு ஒரு கட்டு மெழுகுதிரி நேந்துக்கிறேன்," என்று இசபெல் கண்ணைத் துடைத்தாள். "அதுவரைக்கும் வெளிய மூச்சு விட்டுறாதீங்க."

அந்தோனியார் வரும்வரை இன்னொரு மூக்கு தேவைப்பட்டது. மறுநாள் காலை யேசுரட்ணம் அடுப்பு எரிக்கும் சோலைமலையைக் கூப்பிட்டார்.

"சோலைமல, இந்தச் சோதனைக் கொழாயில மோந்து பாரு. மணக்குதா?"

சோலைமலை குழாயைப் பார்த்தான், ஐயாவின் முகத்தைப் பார்த்தான். "மணக்கணுங்களா, மணக்கக் கூடாதுங்களா?"

"உள்ளதச் சொல்லுடா."

"ஐயா எதச் சொன்னாலும் அதுதாங்க எனக்கு உள்ளது."

"இதுல மணக்கணும்."

"அப்ப மணக்குதுங்க. ரொம்ப மணக்குது."

இப்படிக் கேட்டால் விடியாது என்று யேசுரட்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. அடுத்து, சலிக்கும் அறைச் சுவரில் இருந்த மூட்டுக்கு அவனைக் கூட்டிப் போய், ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் காட்டினார். சோலைமலை யோசித்தான். முந்தின இடத்தில் மணக்கிறது என்றதும் ஐயாவின் முகம் தெளிந்ததை அவன் கவனித்திருந்தான். மூக்கை வைத்தான். உடம்பை முறுக்கினான்.

"அப்பாடி! இங்க அதவிட மணக்குதுங்க!"

யேசுரட்ணத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒன்றாக ஓடின. சிலிண்டரை மூடினார், ஆட்களைக் கூட்ட அடிக்கும் தப்பை எடுத்து அடித்தார், "வெளிய போங்க! வெளிய!" என்று கத்தினார். சலிக்கும் அறையில் இருந்த பதினெட்டுப் பெண்களும் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி மழையில் ஓடினார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றப்பட்டது. மேசையில் புளித்துக்கொண்டிருந்த அறுநூறு றாத்தல் கொழுந்தை நினைக்க ஆளில்லை. இரண்டு மணி நேரம் கழித்து நினைத்தபோது அது தேயிலையாக இருக்கும் ஆசையையே விட்டுவிட்டிருந்தது.

தொரை மோட்டார் சைக்கிளில் வந்தார். மூட்டை மோந்தார். யேசுரட்ணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆமா," என்றார் தொரை. "கொஞ்சம் வருது."

"கொஞ்சமா? மூக்க அறுக்குதே சேர்!" என்றார் சிவசாமி லேஞ்சிக்குள் இருந்து.

சோலைமலை குறட்டால் மூட்டை முறுக்கினான். தொரை மறுபடி மோந்து, "இப்ப இல்ல," என்றார். சிவசாமிக்கும் அந்த நிமிஷமே நாற்றம் நின்றுவிட்டது. தொரை யேசுரட்ணத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பதினெட்டு பொம்பளை உயிரை ஒன் மூக்கு காப்பாத்திச்சு. கொழுந்து போனா போவுது. இனி ஒரு நாளைக்கு மூணு தரம் பாரு."

யேசுரட்ணத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அன்றிலிருந்து அவருடைய கைப்பக்குவமும் கெட்டது. மேசையில் குனிந்து மோந்தால் வாசம் வருவது போலத்தான் இருந்தது. ஆனால் அது இப்போது வரும் வாசமா, இருபத்திரண்டு வருஷமாக மண்டைக்குள் தங்கிவிட்ட வாசமா? மூக்கை நம்ப முடியாமல் சுவர்க் கடிகாரத்தை நம்பினார். அந்தக் கடிகாரம் மழைக்காலத்தில் இருமி இருமித்தான் ஓடும். ஒரு நாள் தேயிலை பச்சை, ஒரு நாள் கறுப்பு. தொரை ருசி பார்த்துவிட்டு, "என்ன டீமேக்கர், புல்லுத் தண்ணி மாதிரி இருக்கு?" என்றார்.

நாற்றப் புத்தகத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை. 'சோதனைக் குழாய்: உண்டு. மூட்டுகள்: இல்லை.' தினம் மூன்று தரம் பொய்க்குக் கீழே கையெழுத்து. நல்ல கத்தோலிக்கன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்ப் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். இருபத்தொரு பொய்யை எந்த முகத்தோடு சாமியாரிடம் சொல்வது?

"இப்படிச் செய்யலாமே," என்றாள் இசபெல். "சைக்கிள் டியூப்ல ஓட்ட இருந்தா தண்ணியில போட்டு குமிழி வருதான்னு பாக்குறாங்கல்ல? கொழாயத் தண்ணியில போட முடியாது. சோப்பு நொரையத் தடவுங்க. ஒழுகினா நொர ஊதும். மூக்கே வேணாம்."

யேசுரட்ணம் மனைவியைக் கும்பிடாத குறைதான். ஒரே தொல்லை, வீட்டில் இருந்தது ரோஜா வாசனைக் குளிக்கிற சோப்பு. அதைக் கரைத்து ஒரு தகரச் சுண்டில் எடுத்துக்கொண்டு, வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னால் ஸ்டோருக்குப் போனார். ஒவ்வொரு மூட்டாக நுரையைத் தடவினார். ஒன்றும் ஊதவில்லை. ஒழுகல் இல்லை! பல நாளுக்குப் பிறகு அவருக்கு ஒழுங்காக மூச்சு வந்தது.

"என்னாங்க ஐயா, கொழாயக் குளிப்பாட்டுறீங்களா?"

வாசலில் நாகலெட்சுமி இடுப்பில் கை வைத்து நின்றாள். மூக்கை இரண்டு தரம் விரித்துப் பார்த்தாள். "ஆகா! ரோசாப்பூ வாசம்! எங் கொண்டையில ஒரு முழம் பூ இருந்துச்சுன்னு வெரட்டுனீங்களே, இப்ப இஸ்டோருக்கே பூ வச்சுட்டீங்களா?"

"நாகலெட்சுமி, சத்தம் போடாத. கேஸு ஒழுகுதான்னு பாத்தேன்."

"அதுக்கு ஐயா மூக்கு இருக்கே?" என்றாள் அவள், கேலியை விட்டுவிட்டு. "அந்த மூக்கு இருக்குன்னுதானே நாங்க பயமில்லாம உள்ள நிக்கிறோம். எம் மகளையும் இந்த வாரந்தான் சல்லடைக்குக் கொண்டாந்திருக்கேன். அவ அப்பன் வேணாமுன்னுதான் சொன்னாரு. டீமேக்கர் ஐயா பாத்துக்குவாருன்னு சொல்லிக் கூட்டியாந்தேன்."

யேசுரட்ணம் துணியை எடுத்து நுரையைத் துடைத்தார். நுரை போனது. வாசனை போகவில்லை.

பத்து மணிக்குத் தொரை ருசி பார்க்க வந்தார். முதல் கிண்ணத்தை வாயில் ஊற்றிச் சுழற்றினார். கண் பிதுங்கியது. துப்பினார். இரண்டாவது கிண்ணம், துப்பினார். மூன்றாவதைத் துப்பியபோது அது சிவசாமியின் வெள்ளைக் கால்சட்டையில் விழுந்தது.

"என்ன நாத்தம் இது? பூ நாத்தம்! டீமேக்கர், இது எப்படி வந்துச்சு?"

சோப்பு என்று சொன்னால், சோப்பு எதற்கு என்று வரும். மூக்கு எங்கே என்று வரும். யேசுரட்ணத்தின் வாய் அவரைக் கேட்காமலேயே திறந்தது.

"கேஸு நாத்தமா இருக்குமுங்க சேர். தூள்ல பட்டிருக்கும்."

"கேஸ் முட்டை நாத்தம். இது ரோஜா நாத்தம்!"

யாரும் எதிர்பாராமல் சிவசாமி கைகொடுத்தார். "தேயிலையில பட்டா மாறும் சேர். நான் அன்னிக்கே கவனிச்சேன், முட்டைக்குப் பின்னால லேசா ரோஜா இருந்துச்சு."

தொரை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தாமும் அன்றைக்கே அதைக் கவனித்ததாகச் சொன்னார்.

அன்று மாலையே கொழும்புக் கம்பெனிக்குக் காரசாரமாக ஒரு கடிதம் போனது. உங்கள் நாற்றம் அளவுக்கு மேல் பலமாக இருக்கிறது, என் தேயிலை கெட்டுப்போயிற்று, இன்ன நம்பர் சிலிண்டர், உடனே ஆளை அனுப்பு என்று தொரை எழுதினார். அதோடு விடவில்லை. ஆள் வருகிற வியாழக்கிழமை எல்லாரும் கூட வேண்டும், யார் யாருக்கு எவ்வளவு நாற்றம் வருகிறது என்று தாமே கேட்டு எழுதப் போவதாகவும் உத்தரவு போட்டார்.

புதன்கிழமை மாலை யேசுரட்ணம் மேசையில் உட்கார்ந்து இன்னொரு கடிதம் எழுதினார். இசபெல் பின்னால் நின்று படித்தாள். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, வேலையை விடுகிற கடிதம்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுக்கலாமேங்க. அந்தோனியாரு..."

"நாளைக்கு நெசமாவே ஒழுகினா? நாகலெட்சுமி மக உள்ள நிக்கிறா, இசபெல். பன்னெண்டு மூட்டு இருக்கு. எதுல வந்தாலும் எனக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்னு நம்பி அதுங்க நிக்கிதுங்க."

இசபெல் வீட்டைச் சுற்றி ஒரு தரம் பார்த்தாள். ஹட்டன் கான்வென்டில் படிக்கிற மகளின் படத்தைப் பார்த்தாள். பிறகு மைக்கூட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"எழுதுங்க. றொசல்லயில எங்க அண்ணன் வீடு இருக்கு. அங்க போய்ப் பாத்துக்குவோம்," என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதாள்.

வியாழக்கிழமை ஸ்டோர் வாசலில் எல்லாரும் கூடினார்கள். கம்பெனி ஆளை இன்னும் காணோம். தொரைக்குப் பொறுமை இல்லை. "கிளாக்கர், சோதனைக் குழாயைத் திற," என்றார்.

சிவசாமி திருகைத் திறந்தார். உஸ்ஸென்று சத்தம் வந்தது. தொரை உடனே மூக்கைப் பிடித்தார். "பயங்கரம்!"

"எனக்குக் கண்ணே எரியுது சேர்," என்றார் சிவசாமி.

"தல சுத்துதுங்க," என்று சோலைமலை வழக்கம்போல் உட்கார்ந்தான்.

பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்கள். நாகலெட்சுமியும் மகளும் மூடிக்கொண்டார்கள். தொரை நாற்றம் என்கிறபோது, மூக்கைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க அந்தக் கூட்டத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்?

யேசுரட்ணம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"டீமேக்கர், ஒனக்கு எவ்வளவு?"

"எனக்கு ஒன்னுமே மணக்கல சேர்." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "இன்னிக்கு மட்டும் இல்ல. மொத நாள்ல இருந்தே மணக்கல. நான் சொன்னது பொய்யி, எழுதினது பொய்யி. கொழாய்க்குச் சோப்புத் தடவினதும் நான்தான். எம் மூக்கு போச்சு சேர். என்னை நம்பி இந்தப் புள்ளைங்கள உள்ள விடாதீங்க."

கடிதத்தை நீட்டினார். நாகலெட்சுமி முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தொரைக்கு உண்மையிலேயே மனம் கஷ்டப்பட்டது. "இருபத்திரண்டு வருஷம்," என்றார். "என்ன மூக்கு! பெரிய நஷ்டம்." தொப்பியைக் கழற்றினார். செத்த வீட்டில் நிற்பது போலவே ஒரு நிமிஷம் நின்றார்.

சிவசாமி தொண்டையைச் செருமினார். "வருத்தமான விஷயந்தான் சேர். எம் மச்சான் ஒருத்தர் டயகமப் பக்கம் சும்மா இருக்காரு. மூக்குன்னா மூக்கு, அப்பேர்ப்பட்ட மூக்கு. எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் மூக்கு கூர்மை."

"வரச் சொல்லு," என்று பெருமூச்சு விட்டு, தொரை பேனாவைத் திறந்து கடிதத்தின் கீழே கையெழுத்துப் போடக் குனிந்தார்.

அப்போதுதான் லொறி ஒன்று இரைந்துகொண்டு மேடேறி வந்து நின்றது. மெக்கானிக் அலோசியஸ் குதித்து ஓடி வந்தான். வந்த வேகத்தில் ஒருவரையும் பார்க்காமல் கொட்டகைக்குள் புகுந்து சிலிண்டரை இறுக்கி மூடினான். அப்புறம்தான் திரும்பி, தலைகளை எண்ணுவது போல் எல்லாரையும் பார்த்தான். "நல்லவேள, எல்லாரும் உயிரோட இருக்கீங்க!"

"ஏன் சாகணும்?" என்றார் தொரை. "ஒன் நாத்தத்தில் யாரும் சாகல. எல்லாருக்கும் நாத்தம் வருது, கூடுதலா வருது. இந்த டீமேக்கருக்கு மட்டும் மூக்கு கெட்டுப் போச்சு."

அலோசியஸ் தொரையைப் பார்த்தான். லேஞ்சியோடு நின்ற சிவசாமியைப் பார்த்தான். குந்தியிருந்த சோலைமலையைப் பார்த்தான். ஒன்றும் விளங்காமல் தலையைச் சொறிந்தான்.

"அதுதான் சார், ஒங்க கடிதத்தப் பாத்து எங்க கம்பெனியே கொழம்பிப் போச்சு. நீங்க எழுதின நம்பர் சிலிண்டருக்கு நாங்க நாத்தம் கலக்கவே மறந்துட்டோமுங்க!"